கம்ப்யூட்டருக்கு அமாவாசை

"இல்லன்னு சொல்லாத தீனா. இருக்குது, ஆனா தூங்கிகினு இருக்குதுன்னு சொல்லு. ரெண்டும் ஒன்னா?"

"மெஷினே சொல்லுது பாரு, இல்லன்னு. அதுக்கு மேல நான் இன்னா பண்ணட்டும்?"

"மெஷின் இல்லன்னு சொல்லல. ஆன் ஆவலன்னு சொல்லுது. இங்கிலீஷ்ல தானே எழுதிகிது? படி!"

"ஏய், டீ ஆறிப் போனாலும் குடிக்க முடியாது, டீயே இல்லன்னாலும் குடிக்க முடியாது. எனக்கு ரெண்டும் ஒன்னுதான்."

"ஆறிப் போன டீய சூடு பண்ணலாம்டா!"

டா போட்டுட்டா காவ்யா. அத்தை பையனா இருந்தாலும் மூணு வயசு பெரியவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமா கம்ப்யூட்டர் கடை வெச்சிகினு இருக்கறவன். அவனை டா போடக் கூடாதுன்னு அம்மா திலகவதி எத்தினியோ வாட்டி சொல்லியாச்சி. காவ்யாவுக்குக் கோவம் வந்தா அம்மா சொன்னது, ஆட்டுக்குட்டி சொன்னது எதுவும் ஞாபகம் வராது. அன்னிக்கி அவளுக்கு செம கோவம். ஏன்னா மேட்டர் வெறும் கம்ப்யூட்டர் மேட்டர் இல்லீங்க. காக்கா மேட்டர்.

இருங்க, காக்காவ மொதல்ல சொல்லிடறேன்.

ஆரணியில காவ்யாவோட அப்பா தனசேகரன் பட்டுப் பொடவ நெசவு போடறவரு. வூட்டுக்குப் பின்னால கொட்டாய்ல நாலு தறி. பொங்கலு முடிஞ்ச கையோட வெம்பாக்கத்துல இருந்து ஒரு டீச்சர் பஸ் ஏறி வந்தாங்க. அன்புச்செல்வி டீச்சர். அந்த வருசத்தோட ரிடையராவப் போறாங்க. ரிடையர்மெண்ட் பங்க்ஷனுக்கு ஒரு பட்டுப் பொடவ வேணும்னாங்க. அப்பா வழக்கம் போல பாய் விரிச்சி, ஒன்னொன்னா பிரிச்சிப் போட்டு, "மயிலு பாருங்க டீச்சர், அன்னம் பாருங்க, மாங்கா பாருங்க, ருத்ராட்சம் பாருங்க"ன்னு ஓட்டிகினு இருந்தாரு. டீச்சர் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு, மெதுவா கேட்டாங்க.

"காக்கா இருக்குதுங்களா?"

அப்பாவுக்குக் கையில இருந்த பொடவ நழுவிடுச்சி. "எது டீச்சர்?"

"காக்கா. பார்டர்ல வரிசையா காக்கா."

"டீச்சர், பட்டுல காக்கா யாரும் போட மாட்டாங்க. மயிலு போடலாம், லட்சணமா இருக்கும்."

"மயிலு எனக்கு இன்னாங்க பண்ணுச்சி? காக்கா தான் இத்தினி வருசமா எங்கூட ஒக்காந்து சாப்புட்டுது."

கதை இன்னான்னா, டீச்சர் மத்தியானம் டிபன் பாக்ஸ் தொறந்தா மொத உருண்ட காக்காவுக்குத் தான். ஸ்கூல்ல சாப்பாட்டு பெல் அடிச்சா பசங்க ஓடி வரதுக்கு முன்னால ஓட்டு மேல காக்கா ஆஜர். பசங்க வெச்ச பேரு காக்கா டீச்சர். படிச்சி முடிச்சி மீசை மொளச்சி கல்யாணப் பத்திரிகை குடுக்க வரவனுங்க கூட, "காக்கா டீச்சர் இருக்காங்களா?"ன்னு தான் கேட்டுகினு வரானுங்களாம். "அந்தப் பேரைக் கட்டிகினு தான் ஸ்கூல விட்டு வெளிய வரணும்"னாங்க டீச்சர்.

அப்பா திரும்பவும் மயில எடுத்துப் பிரிக்கப் போனாரு. அதுக்குள்ள உள்ளார இருந்து ஒரு குரலு: "நான் போடறேன் டீச்சர்!"

காவ்யா தான். அவ காலேஜ் முடிச்சிட்டு வூட்டுல டிசைன் வேலைய பாத்துகினு இருந்தா. ஆனா அது வரைக்கும் அவ பண்ணதெல்லாம் அப்பா சொன்ன மயிலுக்குக் கொண்டை சரி பண்றது, அன்னத்துக்கு வாலு நீட்டறது. சொந்தமா ஒன்னும் கெடையாது. பெரிய டிசைன் எல்லாம் வெளிய ஜெயச்சந்திரன்னு ஒருத்தரு கிட்ட இருந்து வரும். அவரு ஊருக்கே மயிலு போட்டுக் குடுக்கறவரு. அவரு மயிலுங்க எல்லாம் ஒன்னுக்கொன்னு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அப்பா டீச்சர் எதிர்ல ஒன்னும் சொல்ல முடியாம ஒத்துகினாரு. ஆனா டீச்சர் பஸ் ஏறினதும் கண்டிஷன் வந்துச்சி. "மாசி அமாவாசைக்கி மறுநா நம்ம தறிக்காரரு கந்தசாமி தறி ஏறும்போது ஜக்காடுல அட்டை ஏறணும். உன் காக்கா ரெடியா இருந்தா காக்கா. இல்லன்னா டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன், ஜெயச்சந்திரன் மயிலு தான். அப்பறம் டிசைனு கிசைனுன்னு என் எதிர்ல வரக் கூடாது, சொல்லிட்டேன்."

ஜக்காடுன்னா தறி மேல ஒக்காந்துகினு இருக்கற பொட்டி. ஓட்டை குத்தின அட்டைய அதுல மாட்டினா, எந்த நூலு எப்ப தூக்கணும்னு அட்டை சொல்லும். டிசைன கம்ப்யூட்டர்ல போட்டு, அங்க இருந்து கொட்டாய்லயே இருக்கற அட்டை குத்தற மெஷினுக்கு அனுப்பணும். அவ்ளோ தான். காவ்யா ராத்திரி பகல் பாக்காம மதில் மேல வர காக்காவ முறைச்சிப் பாத்துகினே இருந்தா. தலைய ஒரு சைடா சாய்ச்சிகினு, வாய்ல ஒரு பருக்கையோட, வரிசையா காக்கா. நடுநடுல ஒன்னே ஒன்னு மட்டும் திரும்பிகினு வேற பக்கம் பாக்கும். கறுப்பு பார்டர் மட்டும் வேணவே வேணாம்னு அப்பா அழும்பு பண்ணதால, மயில் கழுத்து கலரு பார்டர். மயில் கழுத்துல ஜரிகை காக்கா! டிசைன் முடிஞ்சி சேவ் பண்ண அன்னிக்கி சாயங்காலம் கரண்ட்டு போய் போய் வந்துச்சி பாருங்க, பழைய கம்ப்யூட்டரு டப்புன்னு ஒரு சத்தம், கொஞ்சம் பொகை, ஆளு அவுட்டு.

நல்லவேள, ஹார்ட் டிஸ்க் பொழச்சிடுச்சி. தீனா ஒரு புது மெஷின் போட்டுக் குடுத்து, காக்கா ஃபைலையும் அதுல ஏத்திட்டான். விண்டோஸ் செவன், பளபளன்னு. காவ்யா தான் அப்பாவ நச்சி நச்சி வாங்க வெச்சா. அப்பறம் தான் தெரிஞ்சிது பேஜாரு. டிசைன் சாஃப்ட்வேரு பழைய விண்டோஸான எக்ஸ்பில மட்டும் தான் ஓடும். செவன்ல தொறந்தா எர்ரரு தான் வருது. சாஃப்ட்வேரு செஞ்ச கம்பெனிக்கு போன் போட்டா, கம்பெனியே இல்ல, அந்த நம்பர்ல யாரோ கேட்டரிங் எடுத்து "எத்தினி எலைங்க?"ன்னு கேக்கறாரு.

சரி, தீனா கடையில எக்ஸ்பி இருக்குதே, அங்க எடுத்துகினு போய் பண்ணிடலாமேன்னு கேப்பீங்க. நடக்காது. வூட்டுல போட்ட டிசைன் வாசல் தாண்டக் கூடாது. அது தனசேகரன் வூட்டு சட்டம். ஒரு வாட்டி அவரு புது டிசைன் தறியில பாதி ஏறும்போதே, அடுத்த தெரு பொடவையில முழுசா ஏறிட்டிருந்துச்சி. அன்னியில இருந்து டிசைன் ஃபைலும் சரி, அந்த சாஃப்ட்வேரு தொறக்கறதுக்கு மெஷின்ல சொருகற பூட்டு குச்சியும் சரி, வூட்ட விட்டு வெளிய போனதில்ல. "அப்போ நான் ஒரு பழைய எக்ஸ்பி சிஸ்டம் கொண்டாந்து இங்க வெக்கட்டுமா மாமா?"ன்னு தீனா கேட்டான். "புதுசு வாங்கி ஒரு வாரம் ஆவல, பழசு கொண்டாந்து எறக்குவியா? தெருவே சிரிக்கும்"னு அப்பா கதவ சாத்திட்டாரு. புதுசுலயே எக்ஸ்பி போடலாம்னு சி.டி. போட்டுப் பாத்தான். ஹார்ட் டிஸ்க்கே காணோம்னு சொல்லிடுச்சி அது.

அப்பறம் ஒரே வழி. செவனுக்குள்ளயே எக்ஸ்பிய ஓட விடறது. அதுக்கு ஒரு ஐட்டம் ஃப்ரீயா கெடைக்குதுன்னு காவ்யா நெட்டுல தேடிக் கண்டுபுடிச்சா. அப்பாவுக்கு அவ சொன்ன வெளக்கம் இது தான்: "கோர்வை தறி இல்லப்பா? ஒரே தறி, ஒரே பாவு நூலு. ஆனா இந்தப் பக்கம் ஒருத்தரு, அந்தப் பக்கம் பார்டர் நூலு ஓடற நாடாவத் தள்ள இன்னொருத்தரு. அது மாதிரி செவன் ஒரு ஆளு, எக்ஸ்பி ஒரு ஆளு, ரெண்டு பேரும் ஒரே மெஷின்ல. ஆனா ரெண்டாவது ஆளு ஒக்கார தறியில எடம் வெச்சி செஞ்சிருக்கணும். ப்ராசஸர்ல அந்த எடம் இருக்குதான்னு தான் பாக்கணும்."

"எடம் இல்லாம எப்பிடி தறி செய்வான்?"னு கேட்டாரு அப்பா. அவருக்குப் புரிஞ்சிடுச்சின்னு அவளுக்கு சந்தோசம்.

அந்த எடம் இருக்குதான்னு பாக்கத் தான் ஒரு குட்டி ப்ரோக்ராம் எறக்கி ஓட்டினாங்க. அது தான் சொல்லிச்சி, ஆன் ஆவலன்னு. அதுக்குத் தான் மேல அந்த டீ சண்டை.

"இதுக்கெல்லாம் சண்டையா? பட்டு நெசமா போலியான்னு பாக்க ஒரு நூலப் பிரிச்சிக் கொளுத்தி மோந்து பாப்போம். முடி கருகற வாசன வந்தா பட்டு"ன்னாரு கந்தசாமி. அவரு தான் மூணாவது தறிக்காரரு, டீச்சர் பொடவைக்குப் பாவு ஏத்திட்டு வேலையில்லாம ஒக்காந்துகினு இருக்கறவரு. "இதுல அந்த மாதிரி ஒன்னும் இல்லியா பாப்பா?"

"பழசு தான் தானா கொளுத்திகிச்சேண்ணே. வாசனயும் பாத்துட்டோம்"னா காவ்யா.

ஆனா அது ஒரு ஐடியா குடுத்துச்சி அவளுக்கு. மோந்து பாக்கற மாதிரி வெளிய இருந்தே பாக்கற வழி ஒன்னு இருக்கணுமே? ஃபோரம்ல படிச்சா, ஒரே பேரு ஒரே நம்பர்ல வர ப்ராசஸர்லயே சிலதுல அந்த எடம் இருக்கும், சிலதுல இருக்காது. டப்பாவுல ஒரு ஸ்டிக்கரு, அதுல பொடி எழுத்துல ஒரு கோடு நம்பரு. அத வெச்சித் தான் பிரிக்க முடியும்.

"டப்பா எங்க தீனா?"

"எந்த டப்பா?"

"ப்ராசஸர் வந்த டப்பா!"

தீனா மொகம் மாறிடுச்சி. ரெண்டு பேரும் டி.வி.எஸ். ஐம்பதுல கடைக்கிப் பறந்தாங்க. டப்பா இருந்துச்சி. உள்ளார ஸ்க்ரூ, தீஞ்சி போன ஃபேனு, பாதி மிச்சர் பொட்டலம். ஸ்டிக்கரு மேல தீனா போன் நம்பர் எல்லாம் கிறுக்கி வெச்சிருந்தான். காவ்யா தாவணி முந்தியில எச்சில் தொட்டுத் தொட்டுத் தொடச்சா. கோடு நம்பரு வெளிய வந்துச்சி. அங்கியே அவன் கடை மெஷின்ல நெட்டுல போட்டுப் பாத்தா.

இருக்குது!

"இருக்குது! இருக்குது பாரு! ஆறின டீ! ஆறின டீடா!"ன்னு அவ குதிச்ச குதியில, எதிர்ல ஜெராக்ஸ் எடுத்துகினு இருந்த ஆளு இன்னா ஆச்சோன்னு ஓடி வந்துட்டாரு.

அப்போ தூங்கறவன எழுப்பணும். வூட்டுக்கு வந்து, மெஷின ரீஸ்டார்ட் பண்ணி, டெலீட் கீய டக்கு டக்குன்னு தட்டி, அந்த நீலக் கலரு பக்கத்துக்குள்ள பூந்தாங்க. பயாஸ்னு பேரு. விண்டோஸ் எழுந்திரிக்கறதுக்கு முன்னால மெஷினோட மனசு இருக்கற எடம். ஒவ்வொரு பக்கமா தேடித் தேடி, மூலையில ஒரு வரி. அதுல போட்டிருக்கு, டிசேபிள்ட். காவ்யா என்டர் தட்டி எனேபிள்ட் போட்டா. சேவ் பண்ணா. தீனா கூட, "மெய்யாலுமே நீ கில்லாடி தான்"னு ஒத்துகினான்.

மெஷின் திரும்ப எழுந்திருச்சி. குட்டி ப்ரோக்ராமை ஓட்டினாங்க.

ஆன் ஆவல.

திரும்ப பயாஸ் உள்ள போனா, எனேபிள்ட்னு தான் இருக்குது. வெளிய வந்தா, ஆன் ஆவல. உள்ள போனா இருக்குது, வெளிய வந்தா இல்ல. ரீஸ்டார்ட். ஆன் ஆவல. திரும்ப ரீஸ்டார்ட். ஆன் ஆவல. அவ திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணதுல அந்த விண்டோஸ் மியூசிக்க அடுப்பங்கரையில இருந்து அம்மாவே முனக ஆரம்பிச்சிட்டாங்க.

இங்க ஒன்னு சொல்லணும். நிறுத்தி நிறுத்தி போட்டதால தான் பழசு புகைஞ்சிப் போச்சின்னு அப்பாவுக்கு அடிச்சி வெச்ச மாதிரி நம்பிக்க. அதனால புதுசுக்கு ஒரு பெரிய யூ.பி.எஸ்., அதுக்குப் பின்னால வூட்டு இன்வெர்ட்டரு. கரண்ட்டு எத்தினி வாட்டி போனாலும் இது மட்டும் அசையக் கூடாது. ராத்திரியில கூட தூங்க வெக்கணுமே தவிர நிறுத்தக் கூடாது. வரவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு: "பாரு, ஊரே இருட்டு, எங்க வூட்டு கம்ப்யூட்டர் கண்ண மூடாது!"

அமாவாசைக்கி முந்தின நாளு. தீனா தலைய சொறிஞ்சான். "போர்டுல கோளாறு. மாத்தணும்னா வேலூர் போவணும். டைம் இல்ல காவ்யா. விட்டுடு."

அப்பா போன எடுத்து ஜெயச்சந்திரனுக்குப் பேசினாரு. "ஆமாங்க, மயிலு தான். அட்டை நாளன்னிக்கிக் காலையில அனுப்பிடுங்க." போன வெச்சிட்டு மக மொகத்தப் பாத்தாரு. "மயிலும் நல்லா தாம்மா இருக்கும்"னாரு. நல்லவிதமா தான் சொன்னாரு. அது தான் அவளுக்கு இன்னும் எரிஞ்சிது.

"நாளைக்கி அமாவாசைப்பா. தறி ஓடாது. எனக்கு நாள் பூரா இருக்குது. நான் கண்டுபுடிச்சிடுவேன்."

அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்க அது. ஆரணியில அமாவாசைன்னா தறிச் சத்தம் கேக்காது. எந்த நெசவுக்காரரும் நாடாவத் தொட மாட்டாரு. கொட்டாய் கூட்டி, தறிக்கி விபூதி பூசி, வெத்தல பாக்கு வெச்சி, கற்பூரம் காட்டி, அது பாட்டுக்கு ரெஸ்ட்டு. தறி ஓடாத அன்னிக்கி கம்ப்யூட்டர யாரு தொந்தரவு பண்ணப் போறாங்க?

காலையில எழுந்து, பல்லு கூட வெளக்காம ரூமுக்குள்ள ஓடினா காவ்யா. அப்பா அங்க இருந்தாரு. கையில விபூதித் தட்டு. மெஷின் நெத்தியில மூணு கோடு. நடுவுல குங்குமம். மானிட்டரு மேல ஒரு மொழம் சாமந்தி. கீழ பாத்தா, யூ.பி.எஸ். வெளக்கு அணைஞ்சி கெடக்குது. ஒயரு எல்லாம் செவத்துல இருந்து புடுங்கி, ஜடை மாதிரி சுருட்டி, மேல வெத்தல பாக்கு.

"அப்பா! இன்னா பண்ணிகினு இருக்க?"

"இன்னாமா, இதுவும் நம்ம வூட்டு தறி தானே? நேத்து வந்த தறின்னு சும்மா விட முடியுமா?"

"நிறுத்தவே கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன!"

"கரண்ட்டுக்கு நிறுத்தக் கூடாது. அமாவாசைக்கி நிறுத்தலாம்."

"எனக்கு இன்னிக்கி ஒரு நாளு தான்பா இருக்குது!"

"தறிக்கும் ஒரு நாளு தான் லீவு."

காவ்யா வெளிய வந்துட்டா. அழுவ வந்துச்சி. தெருவுல மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மேளம் அடிச்சிகினு போறாங்க, ஊரே ஜேஜேன்னு இருக்குது, இவ மட்டும் மாடிப்படியில மூஞ்சத் தூக்கிகினு ஒக்காந்திருந்தா. அம்மா படையல் போட்டுட்டு, எலையில சோறு, வட, பாயசம் எல்லாம் வெச்சி, "போயி காக்காவுக்கு வெச்சிட்டு வா. அது தொட்டாத் தான் நமக்குச் சோறு"ன்னு கையில திணிச்சாங்க.

மாடி மேல வெச்சிட்டு, "கா கா"ன்னா. குரல்ல உசுரே இல்ல. ஒன்னு வந்து மதில் மேல ஒக்காந்துச்சி. தலைய ஒரு சைடா சாய்ச்சி இவளப் பாத்துச்சி. அதே சாய்ப்பு. பிக்சல் பிக்சலா இவ போட்ட சாய்ப்பு.

"பாக்காத. உன்ன நாளைக்கி மயிலாக்கப் போறாங்க"ன்னா காவ்யா.

அது வடையத் தூக்கிகினு போயிடுச்சி. நடுவுல ஓட்டை இருக்கற வட, மூக்குல மாட்டிகினு பறந்துச்சி. அவ்ளோ சோகத்துலயும் சிரிச்சிட்டா.

மறுநா காலையில கொட்டாய்ல கந்தசாமி தறிக் குழியில எறங்கிட்டாரு. ஜெயச்சந்திரன் ஆளு வண்டியில அட்டை வந்துகினு இருக்குதுன்னு போனு. அப்பா ரூமுக்குள்ள வந்து, சாமந்திய எடுத்துக் கண்ணுல ஒத்திகினு, ஒயர செவத்துல சொருகினாரு. யூ.பி.எஸ். பீப்புன்னுச்சி. "இந்தா, ஒன் மெஷினு"ன்னுட்டுப் போயிட்டாரு.

காவ்யாவுக்கு இன்ட்ரஸ்டே இல்ல. எப்பவும் போல ஆன் பண்ணா. கை பழக்கத்துல அந்த குட்டி ப்ரோக்ராமை க்ளிக் பண்ணிட்டு, வேற எங்கியோ பாத்துகினு இருந்தா. திரும்பினா, பச்ச கலர்ல டிக்கு.

கண்ணத் தேச்சிகினு படிச்சா. ஆன் ஆயிடுச்சின்னு தான் போட்டிருக்குது. மூடிட்டு திரும்ப ஓட்டினா. பச்ச தான்.  ஏற்கெனவே எறக்கி வெச்சிருந்த எக்ஸ்பி ஐட்டத்த க்ளிக் பண்ணா. செவனுக்குள்ள ஒரு ஜன்னலு, அந்த ஜன்னலுக்குள்ள நீல வானம், பச்சப் புல்லு, எக்ஸ்பி! அதுல சாஃப்ட்வேர ஏத்தி, பூட்டு குச்சிய சொருகி, ஃபைலத் தொறந்தா, வரிசையா தலைய சாய்ச்சிகினு, வாய்ல பருக்கையோட, எல்லாக் காக்காவும் ஆஜர்.

"அப்பாவ்!"

கத்தின கத்துல அம்மா கரண்டியோட வந்தாங்க, கந்தசாமி குழியில இருந்து ஏறி வந்தாரு, வாசல்ல வண்டிய நிறுத்தின ஜெயச்சந்திரன் ஆளு மயில் அட்டையக் கட்டிப் புடிச்சிகினு திருதிருன்னு முழிச்சான்.

அப்பா ஸ்க்ரீனப் பாத்தாரு. ஒரு காக்காவத் தொட்டுக் காட்டினாரு. "இந்த ஒன்னு ஏன் திரும்பிகினு இருக்குது?"

"எல்லாம் ஒரே பக்கம் பாத்தா அது காக்காவாப்பா?"

அப்பாவுக்கு உதடு துடிச்சிது, சிரிப்ப அடக்கிகினு. அட்டை குத்த சாயங்காலம் வரைக்கும் ஆவும்னு அவருக்குத் தெரியும். "மொதலாளி, பாவு எங்கியும் ஓடிப் போயிடாது. நான் ஒரு தூக்கம் போடறேன்"னாரு கந்தசாமி. அவ்ளோ தான். அப்பா வாசலுக்குப் போயி, ஜெயச்சந்திரன் ஆளு கிட்ட, "மயிலு வேற பொடவைக்கி வெச்சிக்கறேம்பா"ன்னுட்டாரு. காக்கா தறி ஏறிடுச்சி.

இப்போ கேளுங்க. ஏன் ஆன் ஆச்சி? அட்டை குத்திகினு இருக்கும்போதே காவ்யா போர்டு கூட வந்த பொஸ்தகத்தத் தேடி எடுத்துப் படிச்சா. பொடி எழுத்துல ஒரு வரி: இத மாத்தினப்பறம் ரீஸ்டார்ட் பண்ணா பத்தாது, கரண்ட்டயே முழுசா எடுத்துட்டு மறுபடியும் குடுக்கணும். அப்ப தான் ப்ராசஸர் புதுசா எழுந்து புது ஆர்டர எடுத்துக்குமாம். அப்பாவோட யூ.பி.எஸ். கண்ண மூட விடாம காவல் காத்ததால தான் அது ஆன் ஆவல. அப்பாவோட அமாவாசை ஒரு நாள் பூரா ஒயரப் புடுங்கிப் போட்டதால தான் ஆச்சி. கெடுத்ததும் அவரு தான், சரி பண்ணதும் அவரு தான்!

இத சொல்லலாம்னு ஓடினா. அதுக்குள்ள லேட்டு. அப்பா டீக்கடையில நின்னுகினு இருந்தாரு. "எங்க வூட்டு கம்ப்யூட்டரு அமாவாசை புடிக்குதுப்பா! ஒரு நாள் விரதம் இருந்துச்சி, மறுநா காலையில வேல செய்யுது. படிச்ச பசங்க ரெண்டு பேரு மண்டைய ஒடைச்சிகினாங்க, ஒன்னும் ஆவல. விபூதி பூசினேன், ஆச்சி!" சுத்தி நின்னவங்க எல்லாம் தலையாட்டறாங்க. அவரு மொகத்துல அவ்ளோ பூரிப்பு. காவ்யா சொல்ல வந்தத விட்டுட்டு, ஒரு டீ வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டா.

பொடவ முடிஞ்சிது. டீச்சர் வந்து, பிரிச்சி, பார்டர வெரலால தடவிகினே போனாங்க. திரும்பி நிக்கிற காக்கா கிட்ட வெரலு நின்னுது. "இது யாரும்மா?"

"அது லேட்டா வந்தது டீச்சர்."

டீச்சர் சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி. "எல்லா கிளாஸ்லயும் ஒன்னு இருக்கும்"னாங்க. அந்தாண்ட அப்பா, "எம்பொண்ணு டிசைன் டீச்சர்"னு சொன்னாரு பாருங்க, எப்பவும் ஜெயச்சந்திரன் டிசைன்னு சொல்ற அதே குரல்ல. அது போதும் காவ்யாவுக்கு. அடுத்த டிசைன் என்னான்னு அவரே கேட்டுகினு வராரு இப்போ. அணில்னு சொல்லியிருக்கா. மூஞ்ச சுளிச்சாரு, ஆனா வேணாங்கல.

ஆனா பிரச்சன இங்க தான். அடுத்த அமாவாசைக்கி பக்கத்து வூட்டுல நெட்டு மோடத்துக்கு விபூதி பூசி ஒயரப் புடுங்கி வெச்சாங்க. ரொம்ப நாளா தொங்கிகினு இருந்த நெட்டு மறுநா ஜம்முன்னு வருது. களம்பூர்ல ஒரு ரைஸ் மில்லுக்காரரு பில்லு போடற பிரிண்டருக்குப் பூ வெச்சாரு. அதுவும் சரியாப் போச்சி. ஆவாம இன்னா செய்யும், எல்லாத்தையும் முழுசா நிறுத்திப் போட்டா பாதி கோளாறு தானா ஓடிடும்! அப்பா பேரு பரவிகினு இருக்குது. அமாவாசைக்கி முந்தின நாளு அவருக்கு ஆளு மேல ஆளு போன் போட்டு, "ஸ்கேனருக்கு குங்குமமா சந்தனமா?"ன்னு கேக்கறாங்க.

தீனா தான் பாவம். சர்வீஸ் கால் வர மாட்டேங்குது. நேத்து வந்து கெஞ்சறான்.

"காவ்யா, மாமா கிட்ட உண்மையச் சொல்லிடேன். என் கடையில ஈ ஓட்டறேன்."

"நீயே சொல்லு."

"நான் சொன்னா, 'நீதானே இல்லவே இல்லன்னு அடிச்சிச் சொன்னவன்'னுவாரு."

"சொன்ன இல்ல?"

"சொன்னேன். ஆனா ஆறின டீ மாதிரி தான் சொன்னேன்."

காவ்யாவுக்கு சிரிப்பு. ஆனா மனசுல ஒரு பக்கம் அரிச்சிகினே இருக்குது. சொன்னா, டப்பாவ தேடி, பயாஸ்ல பூந்து, கண்டுபுடிச்சது அவ தான்னு அப்பாவுக்குத் தெரியும். ஆனா காலரத் தூக்கிகினு டீக்கடையில நிக்கிற அந்த மனுசன் மொகம் சுருங்கிடும், அதுவும் அவரோட செல்ல யூ.பி.எஸ். தான் வில்லன்னு தெரிஞ்சா கேக்கவே வேணாம். சொல்லலன்னா, ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் மாசம் ஒரு நாளு நல்ல ரெஸ்ட்டு, யாருக்கும் ஒன்னும் நஷ்டமில்ல, தீனா ஒருத்தனத் தவிர. நாளைக்கி மறுபடியும் அமாவாசை. அப்பா இப்பவே சாமந்தி வாங்கி ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டாரு. காவ்யா வாசப்படியில நின்னுகினு வாயத் தொறக்கறா, மூடறா, தொறக்கறா. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க, சொல்லிடுவீங்களா, இல்ல விபூதித் தட்ட நீங்களே எடுத்துக் குடுப்பீங்களா?